ஒரு கேள்வியும் ஒரு பட்டுப் புடவையும்

(மகளிர் தினத்தை ஒட்டி நம் குடியிருப்புக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பேச வேண்டியவர்தான். 1933 முதல் 1945 வரை பன்னிரண்டு வருடம் வெள்ளை மாளிகையில் இருந்தவர். பெண் நிருபர்களுக்கு மட்டும் என்று தனியாகப் பேட்டி கொடுத்தார். அதனாலேயே பத்திரிகைகள் பெண்களை வேலைக்கு வைக்க வேண்டி வந்தது. கணவர் இறந்த பிறகு, ஐ.நா.வின் மனித உரிமை ஆணையத்துக்குத் தலைவியாக இருந்து, 1948 டிசம்பர் 10-ல் உலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேற உழைத்தார். அதே ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் இருந்தவர் ஹன்சா மேத்தா. 'ஆண்கள் அனைவரும்' என்று பொருள்படும்படி இருந்த தொடக்கத்தை 'மனிதர்கள் அனைவரும்' என்று மாற்ற வைத்தவர் அவர்.

படிக்கப் படிக்க எனக்கு ஒரு யோசனை வந்தது. முதல் பெண்மணி என்பது அமெரிக்காவுக்கு மட்டும் உரியதா? நம் நாட்டிலும் குடியரசுத் தலைவரின் மனைவியை அப்படித்தான் சொல்கிறோம். அவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் கேட்ட ஒரு கேள்வி நம் காஞ்சிபுரம் பட்டோடு சம்பந்தப்பட்டது. ஆகவே இன்று திருமதி ஜானகி வெங்கட்ராமன் அவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் அவர்களை 1938-ல் மணந்தவர் ஜானகி அம்மா. கல்யாணமாகி நாலு வருடத்தில் ஆகஸ்ட் போராட்டம் வந்தது. கணவர் இரண்டு வருடம் சிறையில். பிறகு அவர் தொழிலாளர் வழக்கறிஞர், காமராஜர் அமைச்சரவையில் தொழில் அமைச்சர், டெல்லியில் நிதியமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், துணைக் குடியரசுத் தலைவர் என்று படிப்படியாக உயர்ந்தார். அவர் நிதியமைச்சராக இருந்தபோதுதான், 1980 ஏப்ரலில், இரண்டாம் சுற்றாக ஆறு வங்கிகள் நாட்டுடைமை ஆயின. வங்கிக்காரனான எனக்கு அது மறக்காது. 1987 முதல் 1992 வரை அவர் குடியரசுத் தலைவர். அந்த ஐந்து வருடம் ஜானகி அம்மா நாட்டின் முதல் பெண்மணி. கணவர் 2009 ஜனவரியில் மறைந்தார், அம்மா 2010 ஆகஸ்டில்.

இந்த முதல் பெண்மணி பதவிக்கு என்ன அதிகாரம்? நம் அரசியல் சட்டத்தின் 52-வது பிரிவு, இந்தியாவுக்கு ஒரு குடியரசுத் தலைவர் இருப்பார் என்கிறது. அவர் மனைவியைப் பற்றி ஒரு வரி கிடையாது. சம்பளம் கிடையாது, கையெழுத்து அதிகாரம் கிடையாது. வங்கி மொழியில் சொன்னால், கணக்கில் பெயர் இல்லாமலே கிளையில் உட்கார்ந்திருப்பவர். அப்படிப்பட்டவரால் செய்ய முடிந்தது என்ன? ஒரு கேள்வி கேட்க முடிந்தது.

1990-களின் தொடக்கத்தில், ஆந்திரக் கைத்தறிக் கூட்டுறவு அமைப்பில் வேலை பார்த்தவர்களிடம் ஜானகி அம்மா கேட்டார்: பட்டுப் புழுவைக் கொல்லாமல் செய்த பட்டுப் புடவை கிடைக்குமா?

பட்டு எடுக்கும் முறை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மல்பெரி இலை தின்று வளரும் புழு, தன்னைச் சுற்றி ஒரே இழையாகக் கூடு கட்டுகிறது. நல்ல கூட்டில் அந்த இழை ஆயிரம் மீட்டர் வரை வரும். உள்ளே இருப்பது பூச்சியாகி, கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துபோகும். அதனால் அதற்கு முன்பே ஆவியிலோ கொதிநீரிலோ போட்டு, உள்ளே இருப்பதைக் கொன்றுவிட்டு நூல் எடுக்கிறார்கள். ஒரு புடவைக்குப் பல ஆயிரம் கூடுகள் ஆகும். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளும், பட்டு வேண்டாம் என்று தம் பக்தர்களிடம் சொல்லி வந்தார். பட்டுக்குப் பேர் போன ஊரில் மடம் இருக்க, அவரே அப்படிச் சொன்னார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அம்மாவின் கேள்வி, அங்கே தொழில்நுட்ப வேலையில் இருந்த குசும ராஜய்யா என்பவரின் மனதில் தங்கிவிட்டது. பூச்சி பறந்துபோன பிறகு மிஞ்சும் துளை விழுந்த கூடுகளை எடுத்து, பஞ்சை நூற்பதுபோல் நூற்று, துணி நெய்ய வைத்தார். பல வருட முயற்சி. கடைசியில் காப்புரிமையும் பெற்றார். அதுதான் இன்று கடைகளில் 'அகிம்சைப் பட்டு' என்று விற்பது. பளபளப்பு குறைவு, விலை அதிகம். ஆனாலும் வெளிநாடு வரை போகிறது.

இதைக் கேட்டு நம் நெசவாளர்கள் வயிற்றில் அடிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்தில் எத்தனையோ வீடுகளில் தறிச் சத்தம்தான் சோறு போடுகிறது. எந்த நூலைக் கொடுத்தாலும் நெய்வதற்குக் கைத் திறமை வேண்டும். அம்மாவும் பட்டை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. வேறு வழி உண்டா என்றுதான் கேட்டார்.

இப்போது என் சொந்தக் கதை. என் பெண் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போய்க் கூறைப்புடவை எடுத்தோம். கடையில் உட்கார்ந்திருக்கும்போது என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, இதுக்கு எத்தனை புழு செத்திருக்கும்?" நான் சுற்றிலும் பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் என்ன பேச்சு இது" என்று அடக்கிவிட்டேன். அவள் பிறகு பேசவில்லை. அதற்கப்புறம் தனக்கென்று அவள் பட்டு எடுக்கவில்லை என்பதையே நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். கேள்வி ஒன்றுதான். ஒரு வீட்டில் அதைக் கேட்ட அம்மாளுக்கு ஒருவர் காது கொடுத்தார். என் வீட்டில் கொடுக்கவில்லை.

போன பொதுக்குழுக் கூட்டத்திலும் இப்படி ஒன்று நடந்தது. லிப்ட் பராமரிப்பு, வெள்ளை அடிப்பு எல்லாம் பேசி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு சகோதரி எழுந்தார். "வாட்ச்மேனும் அவர் சம்சாரமும் இருக்கிற அறைக்குக் கழிப்பறை இல்லையே, ராத்திரியில் அந்தப் பெண் எங்கே போவாள்?" என்று கேட்டார். கூட்டம் ஒரு நிமிஷம் அமைதியானது. அப்புறம் அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம். நடவடிக்கைக் குறிப்பேட்டை நான் பார்த்தேன். அந்தக் கேள்வி அதில் இல்லை. காரணம் கேட்டேன். அவர் உறுப்பினர் இல்லையாம், பத்திரம் கணவர் பெயரில் இருக்கிறதாம்.

நம் சாலவாக்கத்துக்குப் பக்கத்தில்தான் உத்திரமேரூர். குடவோலைத் தேர்தலைச் சொல்லும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. நமக்கெல்லாம் பெருமை. கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது என்ற விதியைப் படிக்கும்போது, லெட்ஜர் எழுதிய எனக்குக் கைதட்டத் தோன்றும். ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு தகுதியும் இருக்கிறது. வரி கட்டும் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். ஆயிரத்து நூறு வருடம் கழித்து, நம் சங்கத்தின் விதியும் கிட்டத்தட்ட அதுதான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், கணவன் மனைவி இருவரையும் உறுப்பினராக ஏற்கும் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் வைக்க வேண்டும். நான் முன்மொழிகிறேன், யாராவது வழிமொழியுங்கள். இரண்டு, தீர்மானத்துக்குக் காத்திராமல், அந்தச் சகோதரியின் கேள்வியைக் குறிப்பேட்டில் ஏற்றி, கழிப்பறைக்கு மதிப்பீடு வாங்க வேண்டும். பராமரிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கைப் பார்த்துச் சொல்ல நான் தயார். அது எனக்குத் தெரிந்த வேலை.

நேற்று இந்தப் பேச்சை மனைவியிடம் படித்துக் காட்டினேன். கடையில் நடந்ததைச் சொல்லட்டுமா என்று அனுமதியும் கேட்டேன். "சொல்லுங்க, இப்பவாவது கேட்டீங்களே" என்றாள்.