பஸ் ஓட்டுகிறவரின் உடம்பு

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் சலரோகத்தைப் பற்றியோ பிறெசரைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். இரண்டும் என் பேச்சில் வரும். ஆனால் நான் எடுத்துக்கொண்ட விடயம், கூலிக்கு வாகனம் ஓட்டுகிறவர்களின் உடல்தகுதி. பஸ், லொறி, வான், ரிப்பர் எல்லாம் அதில் அடங்கும்.

இதை ஏன் பெண்கள் கூடிய சபையில் பேசுகிறேன் என்று கேட்பீர்கள். சுருவிலில் இருந்து யாழ்ப்பாணம் போவதென்றால் பண்ணைப் பாலத்தால்தான் போகவேண்டும். இரண்டு பக்கமும் கடல். பஸ்ஸில் இருக்கும் ஐம்பது அறுபது பேரின் உயிரும் ஒருவருடைய கண்ணிலும் கையிலும் இருக்கிறது. நயினாதீவுக்குப் போகிற யாத்திரிகர்கள் தென்னிலங்கையில் இருந்து இரவிரவாக ஓடி விடியற்காலையில் குறிகட்டுவானில் வந்து இறங்குகிறார்கள். அந்த பஸ்களும் எங்கள் ஒழுங்கைகளைத் தாண்டித்தான் போகின்றன. மற்றது, 1990 இல் தீவகம் இடம்பெயர்ந்த பிறகு எங்களுடைய ஆண்கள் லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் எடுத்துக்கொண்ட வேலைகளில் வாகனம் ஓட்டுவது முக்கியமானது. இந்த மலரை எந்த நாட்டில் இருந்து வாசிக்கிறவரும் தன் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒரு சாரதியைக் காட்டலாம். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியராக இருந்த காலத்தில் பஸ், லொறிச் சாரதிகளின் வைத்தியப் படிவங்களை நிரப்புவது என் வேலையில் ஒரு பகுதியாக இருந்தது. அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

இலங்கையில் இந்தச் சான்றிதழை வழங்குவது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம். 1997 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் அமைந்தது. யாழ்ப்பாணத்திலும் அதற்குக் கிளை உண்டு. சாதாரண வாகன அனுமதிப்பத்திரம் 8 வருடத்துக்குச் செல்லும், கனரக வாகனத்துக்கு 4 வருடம்தான். பிரித்தானியாவில் கார் ஓட்டுகிறவர்கள் முதலாம் பிரிவு, பெரிய லொறியும் பஸ்ஸும் ஓட்டுகிறவர்கள் இரண்டாம் பிரிவு. இரண்டாம் பிரிவுக்கு அனுமதி எடுக்கும்போது ஒரு வைத்தியப் பரிசோதனை, பிறகு 45 வயதில் இருந்து 5 வருடத்துக்கு ஒருமுறை, 65க்குப் பிறகு ஒவ்வொரு வருடமும். ஒன்ராறியோவில் 46 வயதுக்குக் கீழே 5 வருடத்துக்கு ஒருமுறை, 46 முதல் 64 வரை 3 வருடத்துக்கு ஒருமுறை, அதன் பின் வருடாவருடம்.

பரிசோதிக்கும் வைத்தியர் "இவர் நல்ல சுகதேகியா?" என்று பார்ப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது இவர் திடீரென்று நினைவிழப்பாரா, கண் மங்குமா, கை கால் சோருமா என்பதுதான் கேள்வி. காரை விட பஸ்ஸுக்குக் கண்டிப்பு ஏன் கூடவென்றால், அதன் பாரமும் பெரிது, அதில் இருக்கும் சனமும் கூட, சாரதி அதில் செலவழிக்கும் மணித்தியாலமும் கூட.

கண்ணை எடுப்போம். பிரித்தானிய விதிப்படி பஸ் சாரதிக்கு நல்ல கண்ணில் 6/7.5 பார்வை வேண்டும். அதாவது சாதாரண கண் ஏழரை மீற்றரில் வாசிக்கும் எழுத்தை அவர் 6 மீற்றரில் வாசிக்கவேண்டும். மற்றக் கண்ணில் 6/60 ஆவது வேண்டும். கண்ணாடி போட்டு வாசிக்கலாம். ஆனால் எழுத்து வாசிப்பது பாதிச் சோதனைதான். பக்கப் பார்வையையும் அளப்பார்கள். குளோக்கோமா என்ற கண்ணழுத்த நோய் பக்கத்தில் இருந்துதான் பார்வையைத் தின்னத் தொடங்கும். நேரே இருப்பது கடைசி வரை தெளிவாகத் தெரியும் என்பதால் நோயாளிக்கு ஒரு குறையும் தோன்றாது. ஒழுங்கையில் இருந்து ஏறுகிற சைக்கிள்காரப் பிள்ளை மட்டும் அவருடைய கண்ணில் படாது. கண்புரை வேறு மாதிரி. பகலில் சமாளிக்கலாம், இரவில் எதிரே வரும் லைற் முழுக் கண்ணாடியிலும் சிதறி வழியை மறைத்துவிடும். "இரவில் ஓட விருப்பமில்லை" என்று ஒரு சாரதி வீட்டில் சொல்லத் தொடங்கினால், அது சோம்பல் என்று நினைக்காதீர்கள். கண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

சலரோகத்துக்கு வருகிறேன். குளிசையோடும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடும் இருப்பவர்கள் பெரும்பாலும் ஓடலாம். பயம் இன்சுலினில்தான். சீனி கூடுவதை விட, திடீரென்று குறைவதுதான் சாரதிக்கு ஆபத்து. வியர்க்கும், கை நடுங்கும், பிறகு யோசனை குழம்பும். குழம்பினவருக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. அதனால் முன்பு பல நாடுகளில் இன்சுலின் ஏற்றுகிறவருக்குப் பஸ்ஸும் லொறியும் இல்லை என்று கதவை மூடிவிட்டார்கள். பிரித்தானியா 2011 இலும் அமெரிக்கா 2018 இலும் அந்தக் கதவைத் திறந்தன, நிபந்தனையோடு. பிரித்தானியாவில் வெளிக்கிடுவதற்கு முந்திய 2 மணித்தியாலத்துக்குள் ஒருமுறை, ஓடும்போது 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சீனி அளவைப் பார்க்கவேண்டும். அளவு 5 அல்லது குறைவென்றால் ஏதாவது சாப்பிடவேண்டும். 4க்குக் கீழே போனால் ஓடவே கூடாது, அளவு சரியாக வந்த பிறகும் 45 நிமிடம் பொறுக்கவேண்டும். இங்கே மில்லிகிராமில் பார்க்கிறவர்களுக்கு 5 என்பது 90, 4 என்பது 72. இந்தக் கணக்கு கார் ஓட்டுகிற உங்களுக்கும் உதவும்.

வலிப்புக்கு விதி மிகக் கடுமை. கார் என்றால் ஒரு வருடம் வலிப்பின்றி இருந்தால் போதும். பஸ்ஸுக்கோ 10 வருடம் வலிப்பும் வரக்கூடாது, அதற்கான மருந்தும் எடுத்திருக்கக்கூடாது. மாரடைப்பு வந்தவருக்கு 6 கிழமை ஓய்வு, பிறகு உடற்பயிற்சிச் சோதனையில் தேறினால் திரும்ப ஓடலாம். பிறெசர் 180/100 இலேயே நின்றால் நிறுத்தவேண்டும், கட்டுப்பட்டால் ஓடலாம்.

நித்திரை பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் அதற்கு நீங்கள்தான் சாட்சி. சிலருக்கு நித்திரையில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும். குறட்டை, பிறகு ஒரு மௌனம், பிறகு திணறி எழும்புவது போல் ஒரு சத்தம். விடிந்ததும் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இராது, பகலில் மட்டும் கண் சொருகும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், லண்டனில் லொறிச் சாரதி, படிவத்தோடு என்னிடம் வந்தார். "நித்திரை எப்படி?" என்றேன். "முதல்தரம் டொக்டர்" என்றார். பக்கத்தில் இருந்த மனைவி, "இவருக்கு முதல்தரம், எனக்குத்தான் நித்திரை இல்லை. இடையில மூச்சு நிண்டிடும், நான்தான் தட்டி எழுப்புறனான்" என்றா. சோதனைக்கு அனுப்பினோம், நோய் இருந்தது. சிகிச்சை பிடிபடும் வரை சில மாதம் ஓடவில்லை. முகமூடி மாட்டிக் காற்றுத் தள்ளும் இயந்திரத்தோடு படுக்கப் பழகின பிறகு திரும்ப லொறி ஏறினார். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் இரவில் ஓடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய குறட்டையை எந்த வைத்தியரும் கேட்டதில்லை.

இனி ஒளிப்பது பற்றி. 2014 டிசம்பர் 22, ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குப்பை லொறிச் சாரதி ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கினார். நத்தார்ச் சாமான் வாங்க வந்த சனத்துக்குள் லொறி ஏறி 6 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிய வந்தது, அவர் 2010 இல் பஸ் சாரதியாக இருந்தபோதும் ஆசனத்தில் இருந்தபடியே மயங்கியிருக்கிறார். அதை வைத்தியருக்கு வேறுமாதிரிச் சொன்னார், அடுத்த வேலைக்கு விண்ணப்பித்தபோது சொல்லவேயில்லை. அமெரிக்காவில் 1999 மே 9, நியூ ஓர்லியன்ஸ் அருகே ஒரு பஸ் பாதையை விட்டுப் பாய்ந்து 22 பேர் இறந்தனர். சாரதிக்கு இருதயமும் சிறுநீரகமும் கடுமையாகப் பழுதாகியிருந்தன. கையில் வைத்தியச் சான்றிதழ் இருந்தது. சாரதிகளைப் பரிசோதிக்கும் வைத்தியர்களே பயிற்சி பெற்றுச் சோதனையில் தேறிப் பதிய வேண்டும் என்ற விதி அங்கு நடைமுறைக்கு வந்தது 2014 இல், அந்த விபத்துக்கு 15 வருடம் கழித்து.

ஏன் ஒளிக்கிறார்கள்? பொய்யர்கள் என்பதால் அல்ல. லீசிங் காசு கட்டவேண்டும், பிள்ளையின் ரியூசன் காசு கட்டவேண்டும். சான்றிதழ் போனால் அடுப்பு எரியாது. ஒன்ராறியோவில், ஓட்ட முடியாத நோய் உள்ளவரை வைத்தியரே அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்று சட்டம். பிரித்தானியாவில் முதற் கடமை சாரதிக்கு. இரண்டிலும் குறை உண்டு. வைத்தியர் காட்டிக்கொடுப்பார் என்று பயந்தால் சனம் வைத்தியரிடமே போகாது. சாரதியை மட்டும் நம்பினால் கிளாஸ்கோ நடக்கும். என் அபிப்பிராயத்தில், திரும்பி வர வழி வைத்திருக்கும் விதியே மனிதரை உண்மை சொல்ல வைக்கிறது. இன்சுலினுக்கும் நித்திரை நோய்க்கும் மாரடைப்புக்கும் அந்த வழி இருக்கிறது. எங்கள் சனத்துக்கு அது தெரியாது. சொன்னால் எல்லாம் முடிந்தது என்றே நினைக்கிறார்கள். வலிப்புக்கு மட்டும் பஸ்ஸுக்குத் திரும்பும் வழி மிக ஒடுக்கம். அந்தக் குடும்பத்துக்கு வேறு வேலை தேடிக் கொடுப்பதில் எங்களைப் போன்ற சங்கங்கள் உதவலாம், பணமும் தொடர்பும் வெளிநாட்டில் இருக்கிறது.

ஒளிப்பதில் எங்களுக்கும் பங்கு உண்டு. தம்பிக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததைக் கலியாணப் பேச்சுக்காக மறைத்தவர்கள் தாயும் தமக்கையும். பிறகு அவன் ரிப்பர் ஓடப் போகும்போது அந்த மறைப்பு வாகனத்தில் கூடவே ஏறுகிறது. படிவத்தில் "முன்பு மயங்கியதுண்டா?" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதும்போது பக்கத்தில் இருப்பவர்கள் நாங்கள்தான்.

எனக்குத் தந்த நேரம் முடிகிறது. கண் பரிசோதிக்கும் அட்டை ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். மண்டபத்தின் பின்சுவரில் தொங்கவிட்டு 6 மீற்றர் அளந்து நிலத்தில் சோக்கால் கோடு போட்டிருக்கிறது. குளுக்கோஸ் மானியும் பிறெசர் பார்க்கும் கருவியும் மேசையில் இருக்கின்றன. தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். உங்களைக் கூட்டிவந்த வான் சாரதிமாரும் ஓட்டோக்காரத் தம்பிமாரும் வெளியே மரநிழலில் நிற்கிறார்கள். அவர்களையும் உள்ளே கூப்பிடுங்கள். பெயர் எழுத மாட்டேன்.