ஏரி ஈன்ற எண்ணெய்

உகாண்டாவுக்கும் காங்கோவுக்கும் நடுவே ஆல்பர்ட் ஏரி இருக்கிறது. அதன் கரையோரத்தில் எண்ணெய் கசிவதை நிலவியலாளர் வேலண்ட் 1920களிலேயே எழுதிவைத்தார். எடுத்து விற்கும் அளவுக்கு எண்ணெய் இருப்பது கிணறு தோண்டித் தெரியவந்தது 2006இல்தான்.

ஆல்பர்ட் இருக்கும் கிழக்கு ஆப்பிரிக்கா மெல்ல மெல்லக் கிழிந்துகொண்டிருக்கிறது. இருபுறமும் நிலம் விலக, நடுப்பகுதி உள்வாங்கிப் பிளவுப் பள்ளமாகிறது. பெரும்பாலும் ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும். மறுபக்கம் சாய்வாகச் சரியும். ஆறுகள் கொட்டும் மண்ணை விட வேகமாக நிலம் தாழ்ந்து, நீரும் தாராளமாக வந்தால், அங்கே ஆழமான ஏரி பிறக்கும். தங்கனிகா ஏரி அப்படிப் பிறந்தது. ஆழம் சுமார் 1,470 மீட்டர். அதன் அடிநீரும் மேல்நீரும் கலப்பது அரிது. அடியில் ஆக்சிஜன் கிடையாது. மேலே மடியும் பாசிகள் முழுதும் மக்காமல் சேற்றோடு புதைகின்றன. அந்த மாதிரிச் சேறு ஆழத்தில் புதைந்து நெடுங்காலம் சூடேறினால் எண்ணெய் சுரக்கும் பாறையாகிறது.

சுரந்த எண்ணெய் தங்க, நுண்துளை நிறைந்த மணற்கல் வேண்டும். ஏரியின் நடுவிலோ பெரும்பாலும் களிமண்தான் படியும். அப்படியானால் மணல் எங்கே? அதையும் பிளவுதான் தீர்மானிக்கிறது. உயர்ந்து நிற்கும் விளிம்பு பல ஆறுகளை வெளிப்புறமாகத் திருப்பிவிடும். மிச்ச ஆறுகள் பள்ளத்தின் நீளவாக்கிலும், சாய்வான பக்கத்திலும், ஒரு பிளவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியிலும் நுழைகின்றன. நல்ல மணலைத் தேடுபவர்கள் அங்கேதான் தேடவேண்டும்.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது ஏரி மட்டத்தின் ஏற்ற இறக்கம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கொடும் வறட்சிகளில் மலாவி ஏரியின் மட்டம் 500 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது! அப்படித் தாழும்போது ஆறுகள் பழைய ஏரிப்படுகைக்குள் வெகுதூரம் மணலைக் கொண்டுபோகின்றன. நீர் திரும்பியதும் அந்த மணல்மேல் களிமண் படிகிறது. எண்ணெய் தங்கும் பாறையும் அதை மேலே தப்பவிடாத மூடியும் அடுத்தடுத்து அமைந்துவிடுகின்றன.

நம் நாட்டில் ராஜஸ்தானின் பார்மர் படுகையும் ஒரு பழைய பிளவுதான். அங்கே வரிசை வேறு. முதலில் ஆறுகள் மணல் பரப்பின. நிலம் மேலும் தாழ்ந்த பிறகு ஏரி வந்து சேறு படிந்தது. பிளவுகள் பாறைத் துண்டுகளைச் சாய்த்து, ஏற்றி இறக்கிவிட்டதால், இளைய ஏரிச் சேற்றில் சுரந்த எண்ணெய் மூத்த ஆற்று மணற்கல்லுக்குள் புகுந்தது. 2004இல் கண்டறியப்பட்ட மங்களா வயல் அப்படி அமைந்ததுதான்.

ஏரி எண்ணெயில் பொதுவாகக் கந்தகம் குறைவு, மெழுகு அதிகம். சூடு தணிந்தால் நெய்போல உறைந்துவிடும். ஆகவே பார்மரிலிருந்து குஜராத் கடற்கரைக்குப் போகும் குழாயை வழிநெடுகச் சூடாக்குகிறார்கள். உகாண்டாவிலிருந்து தான்சானியாவின் டாங்கா துறைமுகம் வரை 1,443 கிலோமீட்டர் குழாயும் சூடாக்கும் வகையில்தான் திட்டமிடப்பட்டது.

பார்மரின் ஏரி மறைந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆல்பர்ட் அப்படியல்ல. மீனவர்கள் இன்றும் வலைவீசும் ஏரி அது. கிங்ஃபிஷர் வயலின் கிணறுகள் கரையில் தொடங்கி ஏரிக்கு அடியில் சாய்வாகச் செல்கின்றன. எத்தனை பீப்பாய் வருகிறது என்ற கணக்கோடு, ஏரி நீரின் தரத்தையும் மீன்வளத்தையும் தொடர்ந்து அளந்து, அந்தக் கரை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.