கூலியைப் பிடுங்கும் இரண்டாவது கை

(தொழிற்சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சாரம்)

கூலி உயர்வுக்காக நாம் போராடுகிறோம். அடிபடுகிறோம், ஜெயிக்கிறோம். பத்து ரூபாய் கூடுகிறது. வீடு போய்ச் சேருவதற்குள் அந்தப் பத்து ரூபாய் எங்கே போகிறது? முதலாளியின் கை மில்லில் பிடுங்குகிறது. இரண்டாவது கை மளிகைக் கடைத் தராசில் பிடுங்குகிறது. அந்த இரண்டாவது கையைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

ஒரு மில்லில் நடந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். வேலைநிறுத்தத்தின் மூன்றாவது வாரம். போலீஸ் தடிக்கு அசையாத தோழர்கள் தலை குனிந்து கேட்டுக்குள் போனார்கள். காரணம், கடைக்காரர் கடன் நோட்டை மூடிவிட்டார். "பழைய பாக்கியை வை, பிறகு பருப்பு" என்றார். ஒரு தாய் சொன்னார்: "தடிக்குப் பயப்படலே தோழர், பிள்ளை பசிச்சு அழுததுக்குத்தான் பயந்தோம்." அந்தத் தோல்வியில் எங்கள் தவறும் உண்டு. கொடி தயார் செய்தோம், கோஷம் தயார் செய்தோம். அரிசி தயார் செய்யவில்லை.

ராச்டேல் நெசவாளிகள்

இதே கஷ்டத்தை இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரின் நெசவாளிகளும் பட்டார்கள். அவர்களுடைய கூலி உயர்வுக் கோரிக்கை தோற்றது. கடையிலோ மாவில் சுண்ணாம்புத்தூள், டீத்தூளில் வேறு இலை. கடன் வைத்தவன் கேள்வி கேட்க முடியாது.

28 பேர் கூடினார்கள். ஆளுக்கு ஒரு பவுன் பங்கு. மொத்தமாகக் கொடுக்க யாரிடம் இருந்தது? வாரத்துக்கு 2 பென்ஸ், பிறகு 3 பென்ஸ் என்று சேர்த்தார்கள். 1844 டிசம்பர் 21-ந் தேதி, டோடு லேன் என்ற தெருவில் கடை திறந்தார்கள். இருந்த சரக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி. ஒரு தள்ளுவண்டியில் அள்ளிப் போய்விடலாம் என்று மற்றக் கடைக்காரர்கள் கேலி செய்தார்கள்.

கடை நின்றது. எதனால்? கலப்படம் கிடையாது, எடை சரி. கடன் கிடையாது, ரொக்கம்தான். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. லாபம், பணம் போட்ட அளவுக்கல்ல, சாமான் வாங்கிய அளவுக்குத் திரும்பி வரும். 1,000 ரூபாய்க்கு வாங்கியவருக்கு ஒரு பங்கு என்றால் 3,000 ரூபாய்க்கு வாங்கியவருக்கு மூன்று பங்கு. பிள்ளைகுட்டிக்காரனுக்கே அதிகம் கிடைக்கும்.

சென்னை திருவல்லிக்கேணியில் 1904-ல் பண்டகசாலை தொடங்கியவர்களுக்கும் இந்த ராச்டேல்தான் வழிகாட்டி.

கடை மட்டும் போதுமா?

போதாது. அதற்கும் ராச்டேலே சாட்சி. 1850-களில் அதே தோழர்கள் கூட்டாகப் பஞ்சாலை தொடங்கினார்கள். மில்லில் உழைப்பவனுக்கும் லாபத்தில் பங்கு என்றார்கள். ஆலை செழித்தது. லாபத்தை மோப்பம் பிடித்துப் புதிய பங்குதாரர்கள் நுழைந்தார்கள். 1862-ல் உழைப்பாளியின் பங்கை ஓட்டுப் போட்டே ஒழித்தார்கள்! பெயர் கூட்டுறவு, உள்ளே பழைய முதலாளித்தனம்.

முதலாளி இல்லாமலும் ஆலை ஓடும் என்று கூட்டுறவு ஆலைகள் காட்டியதை 1864-ல் மார்க்ஸ் பாராட்டினார். ஆனால் அதிகாரம் உழைப்பாளி கைக்கு வராதவரை, இங்கொன்றும் அங்கொன்றுமான கூட்டுறவால் சுரண்டல் ஒழியாது என்றும் எச்சரித்தார். நம்மூரில் சங்கத் தலைவர் பதவியைப் பெரிய மனிதர்கள் பிடித்துக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியாததா?

ஆனால் சங்கத்தோடு கைகோத்த கடை என்ன செய்யும் என்பதையும் கேளுங்கள். 1913-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் முதலாளிகள் கதவடைத்தார்கள். சங்கத்தை விட்டு விலகினால்தான் வேலை என்றார்கள். குடும்பங்கள் பட்டினி. இங்கிலாந்தின் தொழிற்சங்கங்கள் பணம் கொடுத்தன. கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கம் உணவை மூட்டை கட்டியது. செப்டம்பர் மாதக் கடைசியில் 'ஹேர்' என்ற கப்பல் டப்ளின் துறைமுகத்தில் வந்து நின்றது. கடைசியில் அந்தப் போராட்டம் வெற்றி பெறவில்லை. ஆனாலும் அந்த மக்கள் மாதக் கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். அந்த ரொட்டி இல்லாவிட்டால் எத்தனை நாள் நின்றிருப்பார்கள்?

நாம் என்ன செய்வது?

ரேஷன் கடை நாம் காக்கவேண்டிய உரிமை. அது தராத புளி, மிளகாய், சோப்புக்கு நாமே வழி காண வேண்டும். பெரிய கட்டிடம் வேண்டாம். ஒரு காலனியில் முப்பது வீடு சேரட்டும். கூலி வாங்கிய அன்றே பணத்தை ஒன்றாகப் போடட்டும். மொத்தக் கடையில் மூட்டையாக வாங்கி, எல்லார் கண்முன்னும் நிறுத்துப் பிரிக்கட்டும். கணக்கை மாதாமாதம் உரக்கப் படிக்கட்டும். கமிட்டியில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும்; அடுப்பின் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். மிச்சத்தில் ஒரு பகுதியைப் போராட்ட நிதிக்கு ஒதுக்குங்கள். வயலில் வேலையில்லாத மாதங்களில் விவசாயத் தொழிலாளிக்கும் அதுவே கைகொடுக்கும்.

தோழர்களே! கடனாளியின் வாய் அடைபட்ட வாய். அதைத் திறப்போம். அடுத்த போராட்டத்துக்குக் கொடியோடு அரிசியையும் தயார் செய்வோம்!