சாத்தும் ஆற்றுப்படையும்: அயல்நாட்டுத் தொன்னகர் காணச் செல்வோர்க்கு

  

பத்துப்பாட்டுள் காஞ்சி மாநகர்க்கே உரிமையுடைய நூல் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூலின் பாட்டுடைத் தலைவன் கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். 500 அடிகளைக் கொண்ட இப்பாட்டின் பெரும்பகுதி வழிச்செலவைப் பற்றியதே. உப்பு வணிகர் செல்லும் வழி, எயினர் குடியிருப்பு, ஆயர் சேரி, உழவர் ஊர், கலங்கரை விளக்கம் ஒளிரும் நீர்ப்பெயற்றுத் துறை எனப் பாணனை ஊர் ஊராக அழைத்துச் செல்லும் புலவர், எவ்விடத்தில் எவ்வகை உணவு கிட்டும் என்பதையும் விடாது கூறுகிறார். இங்ஙனம் வழி கூறுவோன் யார்? தானே சென்று, கண்டு, பரிசில் பெற்று மீண்டவன். கூத்தர், பாணர், பொருநர், விறலியர்க்கு ஆற்றுப்படை வகுத்த தொல்காப்பியரின் இலக்கணமும் அதுவே. போய் வாராதவன் வழிகாட்ட இயலாது என்பது பழந்தமிழர் துணிபு.

கூட்டமாகச் செல்லுதலும் தமிழர்க்குப் புதிதன்று. வணிகக் குழுவுக்குச் ‘சாத்து’ என்று பெயர். கோவலன் தந்தை மாசாத்துவான் எனப்படுகிறான். கண்ணகியின் தந்தையோ கடல்வணிகத்தால் மாநாய்கன் எனப்படுகிறான். வழித்துணையின்றி நெடுந்தொலைவு செல்வது அறிவுடைமை ஆகாது என்று கண்டவர்கள் அவர்கள். சாத்தையும் ஆற்றுப்படையையும் ஒருங்கே சேர்த்து விலைக்குத் தருவதாகக் கூறுவதுதான் இன்றைய வழிகாட்டியுடன் கூடிய குழுச் சுற்றுலா.

காஞ்சியிலும் சுற்று வட்டாரத்திலும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பிள்ளைகளை ஆளாக்கிவிட்ட தாய்மார்கள், தறியையும் கடையையும் மக்களிடம் ஒப்படைத்துவிட்ட பெரியவர்கள் பலருக்கு அங்கோர் வாட்டையும் போரோபுதூரையும் பொலன்னறுவையையும் கண்ணாற் காணும் வேட்கை உண்டு. பல்லவக் கிரந்தத்தின் வழித்தோன்றலான எழுத்தைக் கல்லில் பொறித்த நாடுகள் அவை; காஞ்சியார்க்கு அவ்வேட்கை எழாதிருந்தால்தான் வியப்பு. இவர்களுள் பெரும்பாலோர் தனித்துச் செல்லும் நிலையில் இல்லை. மொழி, நுழைவிசைவு, உணவு, மூட்டுவலி, துணையின்மை எனத் தடைகள் பல. கணவரை இழந்த ஓர் அறுபது வயது அம்மையார் கம்போடியா செல்ல வேண்டுமாயின் குழு ஒன்றே வழி. ஆகலின் குழுச் சுற்றுலாவை எள்ளி நகையாடுதல் வசதி படைத்தோர்க்கு மட்டுமே எளிது. ஆனால் வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த பணத்தில், வாழ்வில் ஒருமுறையே வாய்க்கும் பயணம் அது. போயும் காணாமல் திரும்பினால் ஈடு செய்ய இயலாது.

போயும் காணாமல் திரும்புதல் எங்ஙனம் நேரும் என்பதை இவ்வூரார்க்கு வேறொருவர் விளக்க வேண்டுவதில்லை. நாள்தோறும் கண்முன் நடப்பதே. சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் கடந்து, காலை பத்து மணிக்கு மேல் பேருந்து வந்து நிற்கிறது. காமாட்சியம்மன் கோயில், ஏகாம்பரநாதர் கோயில் முடிந்ததும் நடை சாத்தும் நேரம் நெருங்கிவிடுகிறது. கயிலாசநாதர் கோயிலுக்கு இருபது நிமிடம். இராசசிம்மப் பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய அக்கோயிலின் சுற்று மதிலை ஒட்டி 58 சிற்றாலயங்கள் உள்ளன. அவற்றில் அம்மன்னனின் விருதுப்பெயர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை பொறிக்கப்பட்டுள்ளன. பழைய சோமாஸ்கந்த ஓவியத்தின் தடங்களும் உண்டு. இருபது நிமிடத்தில் இவற்றுள் எதைக் காண்பது? மணற்கல் யாளியின் முன் நிழற்படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் பெரும்பாலும் பட்டியலிலேயே இராது. பட்டுக்கடைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் தாராளமாகக் கிடைக்கிறது! கமிசன் என்னும் சொல்லை அறியாத காஞ்சியார் இலர்.

அப்பேருந்தில் அமர்ந்திருப்போர் அறிவிலிகள் அல்லர். அவர்களும் பணம் செலுத்தி வந்தவர்களே. தொலைவூர்க்குச் சென்றால் காஞ்சியாரும் அப்பேருந்துப் பயணிகளே ஆவர். பட்டுப்புடைவை வாங்கும்போது இவ்வூர்ப் பெண்டிர் முந்தியின் முகப்பழகில் மயங்குவதில்லை; பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பர், கரையும் உடலும் கோர்வையிற் சேர்ந்திருக்கும் இடத்தை விரலால் தடவுவர், சரிகையைக் குறித்து வினவுவர். சுற்றுலா நிறுவனத்தாரின் வண்ண அச்சுத்தாளையும் அங்ஙனமே திருப்பிப் பார்த்தல் வேண்டும்.

திருப்பினால் முதலில் தேட வேண்டுவது நேரக் கணக்கு. ‘எட்டு நாளில் நான்கு நாடுகள்’ என்பது விமான நிலையங்களைக் காணும் பயணம். அங்கோர் தொல்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த அங்கோர் வாட்டின் அகழி மட்டும் 190 மீட்டர் அகலமுடையது. கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பம் 49 மீட்டர் நீளம். ஒருபுறம் 92 அசுரர், மறுபுறம் 88 தேவர். இச்சிற்பத்தைப் பொறுமையாகக் காண அரை மணி நேரமாவது வேண்டும். இதற்கு எளியதோர் உரைகல் உண்டு. 2017 முதல் அங்கோர் அனுமதிச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62 டாலர். மூன்று நாளையும் பத்து நாளுக்குள் பயன்படுத்தலாம். எத்தனை நாள் சீட்டு என்று நிறுவனத்தாரை வினவுக. ஒரு நாள் என்று விடை வந்தால், கதிரவன் எழும் காட்சிக்காகக் குளக்கரையில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, நண்பகலுக்குள் சந்தைக்கு அழைத்துச் செல்வார்கள் என்று கொள்ளலாம். கி.பி. 967-இல் குடமுழுக்குக் கண்ட பந்தியாய் ஸ்ரீ கோயில் சற்றே விலகி இருப்பதால் அது கட்டாயம் விடுபட்டுப்போகும். செந்நிறக் கல்லில் நகை வேலைப்பாடு போன்ற சிற்பங்களை உடைய அக்கோயிலைக் காணாத கம்போடியப் பயணம் காஞ்சியார்க்கு ஏற்றதன்று. சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அப்பால் திறக்கப்பட்டது; சென்றிறங்கும் நாளைக் காணும் நாளாகக் கணக்கிடுவது ஏட்டுக் கணக்கே.

அடுத்தது சொற்கூர்மை. இலக்கியம் பயின்றோர்க்கு இது கைவந்த கலை. பயணத் திட்டத்தில் ‘போரோபுதூர்’ என்று மட்டும் எழுதப்பட்டிருக்கலாம். சைலேந்திரர் காலத்து அப்பௌத்தப் பெருங்கட்டடத்தின் கல்லைக் காக்கும் பொருட்டு, மேலேறுவோர் தொகை 2023 முதல் நாளொன்றுக்கு 1,200 என வரையறுக்கப்பட்டது. மேலேறத் தனிச்சீட்டு, அதற்கென நெய்த காலணி அணிந்து, வழிகாட்டியுடன் செல்ல வேண்டும். முற்றம் வரை செல்லும் சீட்டு வேறு. முற்றத்தில் நின்றவரும் ‘போரோபுதூர் கண்டவர்’தாம், ஒப்பந்தம் மீறப்படவில்லை. ஆயினும் நான்கு சுற்றுகளிலும் நிறைந்துள்ள சிற்பங்களை அவர் கண்டாரல்லர்.

சில இடங்கள் அருகிருந்தும் தவறிப்போகும். மலேசியா செல்லும் குழுக்கள் பத்துமலையும் கெந்திங் மலையும் கண்டு, லங்காவிக் கடற்கரைக்கு விரைகின்றன. இராசேந்திர சோழன் ஏறத்தாழ 1025-இல் கலம் செலுத்திய கடாரமாகிய கெடாவின் பூசாங் பள்ளத்தாக்கு அவ்வழியருகிலேயே உள்ளது. அங்கு மீளக் கட்டப்பெற்ற கோயில் அடித்தளமும் தொல்பொருட் காட்சியகமும் உண்டு. அங்கிருந்த பழங்கோயில் எச்சம் ஒன்று 2013-இல் மனை விற்பனைக்காக இடிக்கப்பட்டதையும் எண்ண வேண்டும். காணாது விட்டவை காத்திருப்பதில்லை. பொலன்னறுவையிலும் அப்படியே. கல்விகாரையின் புத்தர் உருவங்களைக் காட்டும் குழுக்கள், சோழ அரசியின் பெயர் தாங்கிய வானவன் மாதேவி ஈச்சரத்தின் பக்கம் பேருந்தைத் திருப்புவதில்லை. 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் கற்றளி அது. தமிழ்க் கல்வெட்டுகள் உடையது. தமிழ்க்குழு எழுத்தில் கேட்டுப் பெற்றால் அரை மணி நேரம் கிட்டாமற் போகாது.

இனி, வழிகாட்டி. சென்னையிலிருந்து உடன்வரும் குழு மேலாளர் வேறு. தலத்தில் விளக்கும் வழிகாட்டி வேறு. மேலாளர் நேரத்துக்குச் சோறும் அறையும் கிடைக்கச் செய்பவர். அவர்க்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டுவதில்லை. அங்கோரில் உரிமம் பெற்ற உள்நாட்டு வழிகாட்டியே விளக்க இயலும். அவர் எம்மொழியில் பேசுவார், எத்தனை பேர்க்கு ஒருவர், முழு நாளும் உடனிருப்பாரா என்பன கேட்க வேண்டியவை. நாற்பது பேர்க்கு ஒருவர் எனில் பின்வரிசையினர் காதில் எதுவும் விழாது.

நல்ல வழிகாட்டியை இனங்காணவும் காஞ்சியே கற்பிக்கும். வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாக அமைந்துள்ளது. அரசு வழி அற்றுப்போக, ஊர்ப் பெரியோரும் அவையத்தாரும் இரணியவர்மனை நாடிச் செல்ல, பன்னிரண்டு வயது மகன் பல்லவமல்லன் மலையும் காடும் யாறும் கடந்து காஞ்சிக்கு வந்து நந்திவர்மனாக முடிசூடினான். அவன் வந்த நாடு எது? கம்போடியாவே எனச் சிலர் அடித்துக் கூறுவர். ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமுடிவுக்கு வந்தாரிலர். 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியாகிய சி. மீனாட்சி அம்மையார் அச்சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதிய நூல், 1940-இல் அவர் மறைந்த பின்னர் வெளிவந்தது. அத்தகு உழைப்பிற்குப் பின்னும் ஐயம் ஐயமாகவே நிற்கும் இடங்கள் உள. ‘இதில் கருத்து வேறுபாடு உண்டு’ என்று சொல்லத் தெரிந்த வழிகாட்டி கிடைத்தால் அவரை விடலாகாது.

பணத்தைப் பற்றிச் சில சொற்கள். 1841-இல் இங்கிலாந்தில் குழுப் பயணத் தொழிலைத் தொடங்கிய தாமசு குக் பெயரிலான பிரித்தானிய நிறுவனம் 2019 செப்டம்பரில் வீழ்ந்தபோது, ஏறத்தாழ 1,50,000 பேர் அயல்நாடுகளில் சிக்கினர். அந்நாட்டு அரசே விமானம் அமர்த்தி அவர்களை அழைத்து வந்தது. இந்தியாவில் அப்பெயருடைய நிறுவனம் 2012 முதலே வேறு உடைமையினது. அதற்கும் இவ்வீழ்ச்சிக்கும் தொடர்பில்லை. எனினும், பயணம் நின்றுபோனால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் பெறாமல் முழுத்தொகையையும் செலுத்துதல் தகாது. மேலும், 2020 அக்டோபர் முதல் அயல்நாட்டுச் சுற்றுலாத் தொகைமீது நிறுவனம் வருமான வரியை முன்கூட்டியே வசூலிக்கிறது. அதன் வீதம் பலமுறை மாறியுள்ளமையால் அந்நாளைய வீதத்தைக் கேட்டறிதல் வேண்டும். கணக்குத் தாக்கல் செய்தால் அத்தொகை வரியில் கழியும், அல்லது மீளும். வரி கட்டும் அளவுக்கு வருவாய் இல்லாத ஓய்வூதியர் பலர் கணக்கே தாக்கல் செய்யாது அதனை இழந்துவிடுகின்றனர்.

7-ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் ஈழம் செல்லும் எண்ணத்துடன் காஞ்சிக்கு வந்தார். ஈழத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த துறவியர் அங்குப் பஞ்சமும் குழப்பமும் எனக் கூறவே செலவு தவிர்ந்தார் என்பர். எந்நிறுவனத்தைத் தேர்வதாயினும், அதே குழுவில் சென்ற ஆண்டு சென்று மீண்ட ஒருவரையேனும் தேடிப்பிடித்து வினவுதல் நன்று. எங்கே உண்டீர்கள் என்று கேட்பதோடு, எவ்விடத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், எத்தனை கடைகளில் நிறுத்தினார்கள், படியேற இயலாதவர்களை என்ன செய்தார்கள் என்றும் கேட்க வேண்டும். அங்கோர் வாட்டின் மேல்தளப் படிகள் மிகச் செங்குத்தானவை. முழங்காலும் தோளும் மூடிய உடையின்றி மேலே விடமாட்டார்கள். புடைவையில் ஏறுவது கடினம். தாய்மார்கள் தளர்வான சுடிதாரைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

புறப்படும் முன் திங்களில் ஒரு முற்பகலை வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் கழித்தல் இன்னும் பயனுடையது. இரண்டு வரிசைகளாக ஓடும் அச்சிற்பங்களை ஒன்றுவிடாது பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கடிகாரத்தில் குறித்துக்கொண்டால், அங்கோரின் சுற்றுகளுக்கு எத்தனை மணி நேரம் கேட்பது என்பது தெரிந்துவிடும். நண்பகலில் நடை சாத்திவிடுவர். காலையிலேயே செல்ல வேண்டும்.