அடித்தட்டுக்கு ஒரு மதகு

ஹைதராபாத்துக்கும் செகந்தராபாத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் ஹுஸைன் சாகர் ஏரியை நம்மவரில் பலரும் அறிவர். பதினாறாம் நூற்றாண்டில், இப்ராஹீம் குலி குதுப் ஷாவின் ஆட்சியில் அது கட்டப்பட்டது. ஏரி கட்டுகிறவர்கள் கரையோடு மதகையும் சேர்த்தே கட்டுவது வழக்கம். தேக்குவதற்கு வழி செய்தவன் வெளியேற்றவும் வழி செய்ய வேண்டும் என்பது நம் கிராமத்துக் குடியானவனும் அறிந்த நீதி. ஆனால், நம் காலத்து மோட்டார் வண்டிகள் சிலவற்றில் இச்சிறு விவேகம் விடுபட்டுப் போயிருக்கிறது.

1932-இல் நிஜாம் அரசின் ரயில்வே 27 பஸ்களைக் கொண்டு இந்நகரில் சாலைப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, கியர் மாற்றுவது டிரைவரின் கைவேலையாகவே இருந்தது. தானே கியர் மாற்றிக் கொள்ளும் அமைப்பு அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் கம்பெனியின் 1940-ஆம் ஆண்டுக் கார்களில் பெருவாரியாக வந்தது. இன்று சிறு லாரிகளிலும் அது காணப்படுகிறது. கையால் மாற்றும் கியர் பெட்டியின் அடியில் எண்ணெயை வடிக்க ஒரு திருகு இருக்கும். பட்டறைகளில் அதை டிரெயின் பிளக் என்பர். தானியங்கிப் பெட்டிகள் பலவற்றிலோ, அடியில் ஒரு தகரத் தட்டு மட்டுமே உண்டு. வடிகட்டியை மாற்றத் தட்டைக் கழற்றித்தானே ஆக வேண்டும், தனித் திருகு எதற்கு என்பது அதற்குச் சொல்லப்படும் சமாதானம்.

இதன் பலனை வனஸ்தலிபுரம் ஆட்டோ நகரில் நாம் நேரில் கண்டோம். வண்டியின் அடியில் மல்லாந்து படுத்த இளைஞர் ஒருவர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கொண்டிருந்தார். தட்டு ஒரு பக்கம் சாய்ந்ததும் சிவந்த சூடான எண்ணெய் அவர் முழங்கை வழியே வழிந்து மண்ணில் பரவியது. இத்தொல்லைக்கு அஞ்சியே சொந்தக்காரர் பலர் எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப் போடுகின்றனர். பழைய எண்ணெயோ உள்ளிருக்கும் கிளச்சுத் தகடுகளை மெல்ல மெல்லத் தின்று விடுகிறது.

ஒரு முறை தட்டைக் கழற்றும்போதே அதில் திருகு பொருத்திவிட்டால் இத்துன்பம் தீரும். ஆயினும், அவசரம் கூடாது. வண்டி உத்தரவாத காலத்துக்குள் இருந்தால் முதலில் தயாரிப்பாளரின் சம்மதத்தைக் கேட்டறிதல் நன்று. தட்டைக் கழற்றியதும் அதிலுள்ள காந்தத்தைப் பார்க்க வேண்டும். மெல்லிய சாம்பல்நிறச் சேறு படிந்திருப்பது இயல்பு. இரும்புத் துணுக்குகள் இருந்தால் நோய் வேறிடத்தில் உள்ளது.

அடுத்தது, இடத்தைத் தேர்ந்தெடுத்தல். தட்டின் மிகத் தாழ்ந்த பகுதியை ஒட்டி, பின்புறச் சுவரில் துளையிடுவது உத்தமம். நேர் அடியில் வைத்தால் சாலைக் கல் மோதிப் பெயர்த்து விடலாம். உள்ளே வடிகட்டி இருக்குமிடத்துக்கு நேராகவும் வைக்கலாகாது. உள்நோக்கி நீளும் திருகு வடிகட்டியை நெருக்கி எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்தால் பெட்டியே பாழாகும்.

பொருத்த இரு வழிகள் உண்டு. மரை வெட்டிய இரும்பு வளையத்தைத் தட்டில் வெல்டிங் செய்வது ஒன்று. அதற்கு முன் எண்ணெய்ப் பசையை முற்றிலும் நீக்க வேண்டும், இல்லாவிடில் தீப்பற்றும். வெல்டிங் சூட்டில் தட்டின் விளிம்பு கோணினால் அதைச் சமதளத்தில் வைத்துத் தட்டி நேராக்க வேண்டும். துளையின் இரு புறமும் வாஷரிட்டு, நட்டால் இறுக்கும் கடைச் சரக்கைப் பயன்படுத்துவது மற்றொன்று. அது எளிது, எனினும் உள்ளே நிற்கும் நட்டின் உயரத்துக்குச் சிறிது எண்ணெய் வடியாமல் தங்கும்.

எவ்வழியாயினும், துளையிட்ட தூளை ஒரு துகள்கூட விடாமல் கழுவுதல் வேண்டும். பின்னர்ப் பழைய பட்டறைக்காரர்களின் சோதனை ஒன்று உண்டு. இணைப்பின் வெளிப்புறத்தில் சுண்ணக் கட்டியைப் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிச் சில மணி நேரம் வைத்திருப்பர். கசிவு இருந்தால் வெண்மையில் ஈரக்கறை தோன்றும்.

இத்திருகு எல்லாவற்றையும் செய்துவிடும் என எண்ணலாகாது. தட்டிலுள்ள எண்ணெய் மட்டுமே வடியும். டார்க் கன்வர்ட்டரில் பெரும் பங்கு தங்கிவிடும். ஆகவே வடித்ததை அளந்து, அதே அளவு குறிப்பிட்ட ரக எண்ணெயை ஊற்றி, கையேட்டில் சொன்ன முறைப்படி மட்டம் பார்க்க வேண்டும். வடிகட்டி மாற்றும் முறை வருகையில் தட்டைக் கழற்றியே தீர வேண்டும். ஆனால், அப்போது அது வெறுந்தட்டாக இறங்கும், மேலே கொட்டாது.

வடித்த எண்ணெய் எங்கே போகிறது? சாக்கடையில் ஊற்றினால் அது மழையோடு கலந்து ஏரிக்கும் ஆற்றுக்கும் சென்று சேரும். 2016-ஆம் ஆண்டு விதிகள் பழைய எண்ணெயை அபாயகரமான கழிவுகளில் சேர்த்து, அங்கீகாரம் பெற்றவர்களிடமே அதைச் சேர்ப்பிக்கக் கோருகின்றன. திருகைத் திறந்து எண்ணெயைச் சிந்தாமல் பாத்திரத்தில் பிடித்தால், அதை அவ்வாறு ஒப்படைப்பதும் எளிதாகிறது.

ஹுஸைன் சாகர் படும் பாட்டைக் கண்ணால் கண்டவர்கள் நாம். ஏரிக்கு மதகு வைத்தவர்களின் முன்யோசனையில் ஒரு சிறு பங்கையாவது நம் வண்டியின் அடித்தட்டில் வைப்போமானால், அது இயந்திரத்துக்கு நன்மை. அடியில் படுத்து உழைக்கும் தொழிலாளியின் கைக்கும் நன்மை. நாம் குடியேறி வாழும் ஊரின் நீருக்கும் நன்மை.