மாணவர் ஆராய்ச்சிக்கு ஒரு சிறு நிதி



ஆராய்ச்சி என்றாலே பி.எச்டி.காரர்கள் வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். 2010 ஜூலை 12 அன்று பி.எஸ்.எல்.வி. சி-15 ராக்கெட்டில் 'ஸ்டட்சாட்' என்ற குட்டிச் செயற்கைக்கோள் போனது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. செய்தவர்கள் பெங்களூர், ஐதராபாத்தைச் சேர்ந்த ஏழு பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள்! ஒரு கல்லூரி தனியாகத் தாங்க முடியாததை ஏழும் சேர்ந்து தாங்கின.

நம் பிள்ளைகளில் பலர் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டைக் கடையில் வாங்குகிறார்கள். சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். சென்சார் ஒன்று கருகினால் இன்னொன்று வாங்கக் கையில் காசில்லை. சந்தேகம் கேட்க ஆளில்லை. கடைக்காரரோ ஓடுகிற மாடலோடு வைவாவுக்குப் பதிலும் எழுதித் தருகிறார்!

வழி இல்லாமலில்லை. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு நிதி தருகிறது. மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து, கோடையில் இரண்டு மாதம் விஞ்ஞானிகளிடம் வேலை பழக உதவித்தொகை கொடுக்கின்றன. தம்பிகளா, மூன்றாம் ஆண்டிலேயே மனுப் போட்டுவிடுங்கள்.

சங்கத்துக்கு ஒன்று சொல்கிறேன். வருஷா வருஷம் தங்கப் பதக்கம் கொடுக்கிறோம். நல்லதுதான், ஆனால் அது ஏற்கெனவே ஜெயித்தவருக்கு. இரண்டாம் ஆண்டு மாணவர் பில்லோடு வந்தால், கருகிப்போன சென்சாருக்கும் முகம் சுளிக்காமல் பணம் தரும் சிறு நிதி ஒன்று வைப்போம். பணம் தர முடியாதவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை லேபில் வந்து உட்காருங்கள். முதல் சனிக்கிழமைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.