ஊர்ப்பேச்சும் ஊர்விட்டோரும்



சென்னையில் நாற்பதாண்டுகள் குடியிருந்த திருநெல்வேலிக்காரர் வாயைத் திறந்தவுடன் ஊர் தெரிந்துவிடுகிறது. தஞ்சாவூர்க்காரரையோ, போன சில ஆண்டுகளிலேயே எந்த ஊர் என்று கேட்டறிய வேண்டியிருக்கிறது. இவ்வாறு சொல்வாருண்டு. சொல்வோர் உடனே காரணமும் கூறிவிடுவர்: அவருக்கு ஊர்ப்பற்று மிகுதி, இவருக்குக் குறைவு. காவிரிப் படுகையின் வரலாற்றை உற்று நோக்கினால் இக்காரணம் நிற்பதில்லை.

முதலில் இம்மண்ணுக்குரிய ஒரு பெருமிதத்தைக் குறிப்பிட வேண்டும். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்தினார். செந்தமிழ் நிலம் எதுவென வரையறுக்க முற்பட்ட இளம்பூரணர், சேனாவரையர் முதலிய உரையாசிரியர்கள் வையையாற்றின் வடக்கு, மருதயாற்றின் தெற்கு, கருவூரின் கிழக்கு, மருவூரின் மேற்கு என எல்லை கூறினர். இதனை ஏலாதாரும் உளர். ஆயினும் அவ்வெல்லைக்குள் காவிரிப் படுகையின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. பிறர் பேசுவது வழக்கு, தாம் பேசுவதே தமிழ் என்னும் எண்ணம் இங்கு வேரோடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தம்மிடம் உள்ளதென்றே அறியாத ஒன்றை எவரும் காப்பதில்லை, போனபின் தேடுவதுமில்லை.

உண்மையில் தஞ்சைப் பேச்சும் ஒரு வழக்கே. வடக்கே சென்னையைச் சார்ந்த பேச்சில் 'வாயப்பயம்' ஆகும் வாழைப்பழம் இங்கு 'வாளப்பளம்' ஆகிறது. 'சற்று நேரம் இரு' என்பது 'செத்த இரு' என்றாகிறது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று நிலத்தைப் பேசுவதும், குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டைப் பகுத்துக்கொள்வதும், தலைமடை, கடைமடை என்று ஊர்களையே நீரால் அடையாளம் காண்பதும் இப்பேச்சின் உடைமைகள். இச்சொற்களுக்கு வயல் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மடை திறந்தாயிற்றா என்று கேட்பாரில்லை. ஆகவே ஊர்விட்டவரிடம் முதலில் உதிர்வன சொற்களே. ஒலியும் இழுப்பும் பின்னும் சில காலம் நிற்கின்றன. கனடாவிலிருந்து தென் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்து ஜே. கே. சேம்பர்ஸ் 1992இல் வெளியிட்ட கட்டுரையும் இவ்வரிசையையே காட்டுகிறது. ஏழு வயதுக்குள் இடம் மாறிய குழந்தை புதிய ஊரின் ஒலியைப் பெரும்பாலும் முழுமையாகப் பற்றிக்கொள்கிறது. பதினான்கைக் கடந்தபின் அது அரிது என்பதும் அவர் கண்டது.

வயது ஒரு காரணம். ஆயின் ஒரே வயதில், ஒரே வண்டியில் ஏறிப்போன இருவருள் ஒருவர் பேச்சு மாறி, மற்றவர் பேச்சு மாறாதிருப்பதற்கு வயது விடை தராது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரையை ஒட்டிய மார்த்தாஸ் வினியார்ட் என்னும் தீவில் வில்லியம் லபாவ் ஆராய்ந்து 1963இல் வெளியிட்ட முடிவு இங்கு நினைக்கத்தக்கது. கோடை விருந்தினர் வந்து வீடுகளை வாங்கிக் குவித்த காலம் அது. அத்தீவிலேயே வாழ்ந்து முடிப்பதென உறுதிகொண்டோரின் நாவில் பழைய ஒலிப்பு முன்னினும் அழுத்தம் பெற்றிருந்தது. வெளியேற எண்ணியோரிடம் அது தேய்ந்திருந்தது. கால்கள் புறப்படுமுன்பே நா புறப்பட்டுவிட்டது.

காவிரிப் படுகையிலிருந்து வெளியேறியோர் ஒரு திறத்தார் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஆங்கிலக் கல்வியையும் அரசுப் பணியையும் நாடி அக்கிரகாரத்தார் நகரங்களுக்குப் போயினர். ஆந்திரே பெத்தேய் 1961–62இல் திருவையாற்றுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்தபோது இவ்வெளியேற்றம் வெகுதூரம் நடந்தேறியிருந்தது. இவர்கள் தனித்தனியே போகவில்லை. உறவும் சுற்றமுமாகப் போய் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஒருவருக்கொருவர் அண்டை வீட்டாராயினர். வீட்டிலும் கோயிலிலும் இசையரங்கிலும் தம் பேச்சுக்கு அதே பேச்சில் மறுமொழி கிடைத்தது. மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் 1921இல் பிறந்த தி. ஜானகிராமன் வானொலிப் பணியில் சென்னையிலும் தில்லியிலும் வாழ்ந்தவர்; 'மோகமுள்' மாந்தரின் நாவிலோ கும்பகோணம் கலையாமல் இருக்கிறது. அச்சில் அது பெற்ற அழகு பெரிது. அவ்வழகே ஒரு மயக்கத்தையும் உண்டாக்கிற்று. தஞ்சைத் தமிழ் என்றால் ஆற்றங்கரைத் தெருவின் தமிழ் என்று பிற மாவட்டத்து வாசகர் எண்ணிக்கொண்டனர். வயலில் இறங்கியோரின் தமிழ் வெகுகாலம் அச்சேறவில்லை.

அந்த வயலிலிருந்து வெளியேறியோரின் நிலை வேறு. அவர்களுடைய பேச்சு ஊரை மட்டும் காட்டிக்கொடுக்கவில்லை, தெருவையும் காட்டிக்கொடுத்தது. மிராசுதாரை 'ஆண்டே' என்று விளிக்கப் பழக்கப்பட்ட நா அது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த பண்ணையடிமை முறையை எதிர்த்து 1940களில் எழுந்த இயக்கத்துக்குத் தலைமை ஏற்றோருள் பி. சீனிவாச ராவ் ஒருவர். அவருடைய தாய்மொழி கன்னடம். அவர் பேசிய தமிழ் எந்தத் தெருவுக்கும் உரியதன்று. அவர் சொல் சேரிகளில் ஏறியதற்கு அதுவும் துணையாயிற்றோ என்று எண்ணத் தோன்றுகிறது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நாற்பத்து நால்வர் எரித்துக் கொல்லப்பட்டனர். இந்த ஆண்டுகளினூடே 'ஆண்டே' என்னும் விளி உழைப்போரின் வாயிலிருந்து நீங்கிற்று. வட்டாரச் சொற்களைத் தொகுப்போர் அதனையும் அழிந்துவரும் சொற்களின் பட்டியலில் இட்டு வருந்தினால் அது எத்துணைப் பிழை! அது அழிந்ததன்று, கழற்றி எறியப்பட்டது.

அவ்வீட்டுப் பிள்ளை பள்ளிக்கும் பின்னர் அலுவலகத்துக்கும் போனபோது, தெரு தெரியாத ஒரு பேச்சு அவருக்குத் தேவைப்பட்டது. பாடநூலும் செய்தித்தாளும் வானொலியும் மேடையும் அதனை அளித்தன. திருக்குவளையில் 1924இல் பிறந்த மு. கருணாநிதியின் மேடைத்தமிழைக் கேட்டு அவர் பிறந்த மாவட்டத்தைக் கண்டுபிடித்தல் எளிதன்று. அந்தப் பொதுத்தமிழை அலங்காரம் என்று எள்ளுவோர் அது எத்தனை பேருக்கு நிழலாக இருந்தது என்பதை எண்ணுவதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போய்த் தோட்டங்களில் உழைத்தோர் கதையும் ஒருவகையில் இதற்கு அணித்தானதே. தஞ்சை, திருச்சி, சேலம், வடார்க்காட்டு மக்கள் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். பிள்ளைகள் எவர் தந்தையின் பேச்சையும் அப்படியே கொள்ளாமல் தமக்குள் பொதுவான ஒன்றைப் பேசினர்.

வழக்குப் பேச்சைக் காத்தோர்க்கு எடுத்துக்காட்டாகக் கி. ராஜநாராயணனைச் சொல்வது மரபு. 1989இல் புதுவைப் பல்கலைக்கழகம் அழைக்கச் சென்றவர், 2021இல் மறையும்வரை புதுவையில் வாழ்ந்தும் இடைசெவலின் கரிசல் பேச்சை விடவில்லை. போற்றத்தக்கதே. ஆயினும் அழைப்பு வந்ததே அப்பேச்சுக்காகத்தான் என்பதையும் உடன்கூற வேண்டும். எந்தப் பேச்சால் மதிப்புக் கிடைக்கிறதோ அதனைக் காப்பது எளிது; எந்தப் பேச்சால் வாடகை வீடு கிடைக்காமற் போகிறதோ அதனைக் காக்கச் சொல்வது கொடுமை.

இந்நிலையில், ஊரிலேயே இருந்து எழுதியோரின் துணிவு தனியாகப் பேசத்தக்கது. தஞ்சை ப்ரகாஷ் தம் நாவலுக்குக் 'கரமுண்டார் வூடு' என்றே பெயரிட்டார். வீடு, 'வூடு' ஆகும் ஒலியை அட்டையிலேயே அச்சிட்டுவிட்டார்; உள்ளே திருத்திக்கொள்ள எந்தப் புலவருக்கும் இடமில்லை. சி. எம். முத்து இடையிருப்பில் வாழ்ந்துகொண்டே தம் மக்களின் பேச்சில் 'கறிச்சோறு' முதலியவற்றை எழுதினார். சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' வெண்மணியின் துயரை அவ்வயல்வெளியின் நாவாலேயே பேச முயன்றது. இவை புதினங்கள். கவிதையில் இப்பேச்சு எங்கே இருக்கிறது என்று இவ்வட்டத்துக் கவிஞர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம். பத்தாண்டுகளாக இங்கு வாசிக்கப்படும் கவிதைகளில் காவிரி பாய்கிறது, நாற்று அசைகிறது. நாற்று நடுபவள் மட்டும் ஏனோ பாடநூல் தமிழில் பேசுகிறாள்.

சென்னையின் அலுவலகங்களில் ஒரு காட்சியைக் காணலாம். நாள் முழுவதும் ஊர் தெரியாத தமிழில் பேசும் ஒருவருக்கு நடுப்பகலில் ஊரிலிருந்து தாய் தொலைபேசியில் அழைக்கிறாள். இரண்டு வாக்கியத்துக்குள் 'செத்த இரும்மா' வந்துவிடுகிறது. ஆறு தண்ணி வந்துச்சா, நாத்தங்கால் என்ன ஆச்சு என்று குரல் தாழ்ந்து இழுபடுகிறது. அடுத்த இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். பேச்சு முடிந்ததும் பழைய குரல் திரும்பிவிடுகிறது. அவர் தம் ஊர்ப்பேச்சை இழக்கவில்லை. அதனைப் பேச அவருக்கு எஞ்சியிருப்பது அந்த ஓர் ஆள்தான். அந்தத் தாய்க்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.